நம்ம எழுதுன ஃப்யூஸ் ஃபைல் சிஸ்டத்த டெபியன் லினக்ஸ்ல சேக்கணும், மென்டார்ஸ்ல போட்டு 3 வாரமாச்சு, ஒருத்தரும் எட்டிப்பாக்கல

காரைக்குடி_கர்னல்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க.

என் மாமா போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கார். ஒரு கல்யாணம்னா அதே போட்டோ செலக்‌ஷன்ல ஒரு தடவ, "ஆல்பம்"ல ஒரு தடவ, "ஆல்பம் புதுசு", "ஆல்பம் ஃபைனல்", "ஆல்பம் ஃபைனல் இதான்"னு அஞ்சு எடத்துல கெடக்கும். எதையும் அழிக்க விடமாட்டார், கஸ்டமர் பத்து வருஷம் கழிச்சு வந்து கேப்பாங்களாம். அதுக்காக ஆரம்பிச்சதுதான் இந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைல எப்படி அடுக்கறதுன்னு பாத்துக்கற ப்ரோக்ராம்). ஒரே பிளாக் எத்தன தடவ வந்தாலும் டிஸ்க்ல ஒரு தடவதான் எழுதும், ஃப்யூஸ் 3 (லினக்ஸோட மையமான கர்னலத் தொடாம, சாதா ப்ரோக்ராமாவே ஃபைல் சிஸ்டம் எழுத விடற வசதி) மேல ஓடுது, சி-ல சுமார் 6000 வரி, லைசென்ஸ் ஜிபிஎல் 2 இல்லன்னா அதுக்கு மேல. ரெண்டு வருஷமா ஸ்டூடியோல ஓடிட்டிருக்கு, இன்னும் நாலஞ்சு பேர் யூஸ் பண்றாங்க.

இவ்ளோ நாளும் நானே டெப் ஃபைல் (டெபியன்ல இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ்) கட்டி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டிருந்தேன் (சிரிக்காதீங்க). டெபியன் 12ல கட்டுனது. 2025 ஆகஸ்ட்ல 13 வந்துச்சு, மாமா கடைல ஒரு பையன் அப்டேட் குடுத்துட்டான், ஃப்யூஸ் லைப்ரரி பேக்கேஜோட பேரு அதுல மாறிப்போச்சு, என் டெப் இன்னும் பழைய பேரையே கேக்குது, அவ்ளோதான், இன்ஸ்டாலே ஆகல. அன்னிக்குன்னு பாத்து ரிசப்ஷன் ஆல்பம் டெலிவரி. நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே ஃபோன்ல எஸ்எஸ்ஹெச் போட்டு திருப்பி பில்ட் பண்ணேன். அதோட முடிவு பண்ணிட்டேன், இது டெபியனுக்குள்ளயே போகணும்னு.

பேக்கேஜுக்கு வேண்டிய டெபியன் ஃபோல்டர் எழுதியாச்சு, லிண்டியன் (பேக்கேஜ்ல தப்பு தேடற டூல்) ஒரு வார்னிங் கூட குடுக்கல, கீ உருவாக்கி சைன் பண்ணி மென்டார்ஸ்ல (வெளியாளுங்க பேக்கேஜ டெபியன் ஆளுங்க பாக்கறதுக்காக ஏத்தற சைட்) ஏத்தியாச்சு. 3 வாரம் ஆச்சு. நான் எதையாச்சும் விட்டுட்டேனா? இல்ல இது சின்ன ப்ராஜெக்ட்னு யாரும் கண்டுக்க மாட்டாங்களா? இன்னொன்னு, ஃப்யூஸ்னாலதான் மதிக்க மாட்டேங்குறாங்கன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், கர்னல் மாட்யூலா (கர்னலுக்குள்ளயே ஓடற துண்டா) திருப்பி எழுதுனா வேகமும் கெடைக்கும், உள்ள சேக்கவும் ஈசின்னு. உண்மையா?

ரோலிங்_ரிலீஸ்:

எதுக்கு ப்ரோ இவ்ளோ கஷ்டம், ஆர்ச் லினக்ஸ் பக்கம் வா, ஏயூஆர்ல (யூசர்ஸே பேக்கேஜ் போடற எடம்) ஒரு ஸ்க்ரிப்ட் போட்டா அஞ்சு நிமிஷம். இல்லன்னா எந்த லினக்ஸ்லயும் ஓடற ஃபிளாட்பேக் பேக்கேஜா போடு.

மூணாவது_பெஞ்ச்:

ஃபிளாட்பேக்கா? சாண்ட்பாக்ஸுங்கற தனி அடைப்புக்குள்ள ஒக்காந்துக்கிட்டு வெளில இருக்கற மெஷினுக்கு டிஸ்க் மவுன்ட் பண்ணுமாக்கும். ஏயூஆர் நல்ல விஷயம்தான், ஆனா அவங்க மாமா கடை டெபியன்ல ஓடுது, அதுக்கு என்ன பண்றது?

தம்பி கர்னல், நீ விட்டது ஒரே ஒரு விஷயம்தான். மென்டார்ஸ்ல ஏத்துனா யாருக்கும் தானா தகவல் போகாது. அங்க ஏத்திட்டு, ஸ்பான்சர் (நமக்காக அப்லோட் பண்ற டெபியன் டெவலப்பர்) வேணும்னு தனியா ஒரு பக் ரிப்போர்ட் போடணும், ஆர்எஃப்எஸ்னு சொல்லுவாங்க, ஸ்பான்சர்ஷிப்-ரிக்வெஸ்ட்ஸ்ங்கற பேர்ல. மென்டார்ஸ் பக்கத்துலயே அந்த மெயிலோட டெம்ப்ளேட் ரெடியா இருக்கும், எடுத்து அனுப்ப வேண்டியதுதான். நீ பண்ணி வச்சிருக்கறது எப்படி இருக்குன்னா, கல்யாணப் பத்திரிகைய அடிச்சு பீரோல வச்சுட்டு ஒருத்தரும் வரலயேன்னு மண்டபத்துல நிக்கற மாதிரி.

அதுக்கும் முன்னாடி ஐடிபி போட்டியா? நான் இத பேக்கேஜ் பண்ணப் போறேன்னு ஒரு பக் ரிப்போர்ட், டபிள்யூஎன்பிபிங்கற (புதுசா வரப்போற பேக்கேஜுக்கான) பேர்ல. ரிப்போர்ட்பக் ப்ரோக்ராம்லயே அதுக்கு வழி இருக்கு, கேள்வி கேட்டுக்கிட்டே போகும். அதுல கெடைக்கற நம்பரத்தான் சேஞ்ச்லாக்ல "குளோசஸ்"னு போடுவோம். அந்த மெயில் டெவலப்பர் லிஸ்டுக்கும் ஒரு காப்பி போகும், அங்கயே நாலு பேர் "இதே மாதிரி ஏற்கனவே ஒண்ணு இருக்கே, எதுக்கு இன்னொண்ணு"ன்னு கேப்பாங்க. மொகத்த தூக்கி வச்சுக்காம பதில் சொல்லு, டிடூப்ளிகேஷன்னு (ஒரே டேட்டாவ ஒரு தடவ மட்டும் வைக்கறது) வந்தாலே அந்தக் கேள்வி வந்தே தீரும்.

ஸ்பான்சர் கெடச்சா அவர் பாத்து அப்லோட் பண்ணுவார், அது நேரா ஆர்க்கைவுக்கு (டெபியன் பேக்கேஜ் எல்லாம் இருக்கற எடம்) போகாது, புது பேக்கேஜ் காத்து நிக்கற நியூ கியூல நிக்கும். அங்க அதுக்குன்னு இருக்கற டீம் ஆளுங்க லைசென்ஸ கண்ணால பாத்து விடணும். சில பேக்கேஜ் ரெண்டே நாள்ல போயிரும், சிலது மாசக்கணக்குல நிக்கும், அத கேட்டு நச்சரிக்காத. போற போக்குல ஒண்ணு, பைனரி பேக்கேஜ (கம்பைல் ஆகி வர்றது) எப்படி பிரிக்கப்போறன்னு இப்பவே முடிவு பண்ணு. பின்னாடி புதுசா ஒரு பேர் சேத்தா திரும்ப அதே கியூ. அது தாண்டுனப்புறமும், முதல் அப்லோட் பைனரியோட போனதால டெஸ்டிங்குக்கு (அடுத்த டெபியன் ரிலீஸ் தயாராகற எடம்) எறங்காது. வெறும் சோர்ஸ மட்டும் வச்சு இன்னொரு அப்லோட் பண்ணனும், அப்புறம் பிரச்சன இல்லன்னா சாதாரணமா 5 நாள். இத தெரியாம நான் முதல் தடவ ரெண்டு மாசம் வெயிட் பண்ணேன்.

உன் லைப்ரரி பேர் பிரச்சனைக்கு இதுதான் மருந்து. உள்ள இருக்கற பேக்கேஜ்னா, லைப்ரரி மாறும்போது அவங்களே எல்லாத்தயும் திருப்பி பில்ட் பண்ணிருவாங்க, நீ பஸ்ஸுல நிக்க வேணாம்.

கர்னல் மாட்யூல் யோசனைய மட்டும் தயவுசெஞ்சு விட்ரு. இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டத்த பாரு, எத்தன வருஷமா நிக்கற கோடு, ஆனா சிடிடிஎல் லைசென்ஸ் கர்னலோட ஜிபிஎல்லோட ஒட்டாதுன்னு 2016ல உள்ள வந்தப்பவே டெபியனோட முக்கியப் பகுதியான மெயின்ல இல்லாம, ஓரமா இருக்கற கான்ட்ரிப்ல, அதுவும் சோர்ஸாத்தான் வந்துச்சு. டிகேஎம்எஸ்ங்கற டூல போட்டு ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் உன் மெஷின்லயே திருப்பி கம்பைல் ஆகணும். பிகேஷ்எஃப்எஸ்னு இன்னொரு ஃபைல் சிஸ்டம், அதோட கத வேற. லைசென்ஸ் தகராறே இல்ல, 2024 ஜனவரில 6.7 கர்னல்ல உள்ளயே போச்சு, 2025ல 6.18ல வெளிய எடுத்துட்டாங்க, அதுவும் இப்ப டிகேஎம்எஸ்தான். அதோட டூல்ஸ் பேக்கேஜையும் டெபியன்ல பாத்துக்கிட்டவரு 2024லயே கைய விட்டுட்டார், அது கேக்கற ரஸ்ட் மொழி லைப்ரரி வெர்ஷன் ஒண்ணு, டெபியன்ல இருக்கறது ஒண்ணுன்னு இழுபறி. முழுநேரமா அதுக்குள்ளயே கெடக்கறவங்களுக்கே இந்த நெலம. ஃப்யூஸ் 2005லேர்ந்து, 2.6.14லேர்ந்து கர்னல்ல இருக்கு, உன் ப்ரோக்ராம் கிராஷ் ஆனா உன் ப்ரோக்ராம் மட்டும்தான் சாகும். உங்க மாமாவுக்கு அது போதும்.

காரைக்குடி_கர்னல்:

அய்யோ, ஆர்எஃப்எஸ்ஸே போடல. அந்த டெம்ப்ளேட்ட பாத்தேன், அது சும்மா தகவலுக்குன்னு நெனச்சு மூடிட்டேன் 🤦 இன்னிக்கு ராத்திரி ரெண்டையும் அனுப்பிடுறேன். ரொம்ப நன்றிண்ணா.

டில்டே_ராணி:

அனுப்பாத, ஒரு நிமிஷம் இரு. உன் ரிப்போவ எறக்கி பாத்தேன்.

முதல்ல காப்பிரைட் ஃபைல். "எல்லா ஃபைலும் ஜிபிஎல், எழுதியது நான்"னு ஒரே பத்தில முடிச்சிட்ட. உள்ள பாத்தா தேர்டுபார்ட்டி ஃபோல்டர்ல எல்இசட்4 (டேட்டாவ சுருக்கற லைப்ரரி) முழு ரிப்போவும் கெடக்கு, எக்ஸ்எக்ஸ்ஹாஷ் (டேட்டாவுக்கு ஹாஷ் போடற லைப்ரரி) முழுசும் கெடக்கு. அதுல லைப்ரரி பாகம் ரெண்டு ஷரத்து உள்ள பிஎஸ்டி லைசென்ஸ், கூடவே வர்ற கமாண்ட்லைன் ப்ரோக்ராம் ஜிபிஎல். நீ அந்த ப்ரோக்ராம்கள பில்டே பண்ணல, ஆனாலும் டார்பால்ல (சோர்ஸ் மொத்தமும் இருக்கற மூட்டை) இருக்கற ஒவ்வொரு ஃபைலுக்கும் நீ கணக்கு சொல்லணும். லிண்டியன் க்ளீன்னா ரூல்ஸ் எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லப்பா, அது மெஷின் கண்டுபிடிக்கக்கூடிய தப்ப மட்டும்தான் சொல்லும், நியூ கியூல மனுஷங்க உக்காந்து படிப்பாங்க. என்னோட முதல் பேக்கேஜ் திரும்பி வந்தது ஒரே ஒரு ஃபைலால, டாக்குமென்ட் ஃபோல்டர்ல எங்கேர்ந்தோ எடுத்துப் போட்ட ஒரு லோகோ. தப்பு என்னோடதுதான், ஆனா அன்னிக்கு மொபைல தூக்கி மெத்தைல எறிஞ்சேன்.

இதுக்கு வழி ஈசி. ரெண்டு லைப்ரரியும் டெபியன்லயே இருக்கு, அதோட டெவ் பேக்கேஜ்கள பில்ட்-டிபெண்ட்ஸ்ல (பில்டுக்கு என்னென்ன வேணும்ங்கற லிஸ்ட்) போட்டு அந்த ஃபோல்டரையே எடுத்துரு. நீதான் அப்ஸ்ட்ரீமும் (ப்ரோக்ராம எழுதி வெளியிடறவன்)ங்கறதால அங்கயே எடுத்துட்டு புது ரிலீஸ் விடு. அடுத்தவங்க ப்ராஜெக்டா இருந்தா ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட் போட்டு டார்பால ரீபேக் பண்ணிட்டு உக்காந்திருக்கணும்.

இப்ப நெஜமான விஷயத்துக்கு வரேன். டெஸ்ட் ஃபோல்டர்ல 48 எம்பி டிஸ்க் இமேஜ் ஒண்ணு இருக்கு. என்னதான் இருக்குன்னு உன் ப்ரோக்ராமாலயே மவுன்ட் பண்ணி பாத்தேன். நல்லா வேல செய்யுது, அதுக்கு பாராட்டு. உள்ள யாரோ ஒரு பொண்ணு மாப்ளைக்கு மால போட்டுட்டு இருக்கு. நலங்கு போட்டோ இருக்கு, பந்தில ஒருத்தர் அப்பளம் கடிக்கறத க்ளோஸ்அப்ல எடுத்திருக்காங்க. இத உலகம் பூரா இருக்கற மிரருக்கு (டெபியனோட காப்பி வச்சிருக்கற சர்வர்) அனுப்பப் போறியா? அந்த போட்டோவுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தா, ஸ்டூடியோவா, கல்யாணப் பொண்ணா?

காரைக்குடி_கர்னல்:

😳😳😳 அண்ணா, அது டெஸ்டுக்காக அவசரத்துல மாமா டிஸ்க்லேர்ந்து வெட்டி எடுத்தது, மறந்தே போச்சு. இப்பவே எடுத்துடுறேன். டெஸ்ட் ஓடும்போதே எம்கேஎஃப்எஸ் (காலியா ஃபைல் சிஸ்டம் உருவாக்கற ப்ரோக்ராம்) போட்டு புதுசா ஒரு இமேஜ் உருவாக்கி அத செக் பண்ற மாதிரி மாத்திட்டா ஃபைலே வேணாம்ல?

டில்டே_ராணி:

அண்ணா இல்ல, அக்கா. ராணின்னு பேரு வச்சும் இப்படியா. ஆமா, அப்படி மாத்திட்டா லைசென்ஸ் கவல இல்ல.

ஓரமா_ஒக்காந்தவன்:

அக்கா சொல்றது லைசென்ஸுக்கு சரி, ஆனா ஃபைல் சிஸ்டத்துக்கு அது டேஞ்சர். நான் வேலைல மெயின்ஃப்ரேம் பக்கம் இருக்கறவன், அதனால இது என் கண்ணுல மட்டும் குத்துது.

டெபியன்ல உன் பேக்கேஜ் உன் லேப்டாப் ப்ராசஸருக்கு மட்டும் பில்ட் ஆகாது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், பவர்பிசி எல்லாத்துக்கும் ஆகும், எஸ்390எக்ஸ்னு ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்கும் ஆகும். டெபியன் ரிலீஸ்ல வர்றதுல மத்தது எல்லாம் லிட்டில் எண்டியன், எஸ்390எக்ஸ் மட்டும் பிக் எண்டியன், அதாவது நம்பரோட பைட்ட தலைகீழா அடுக்கும். உன் கோட பாத்தேன், சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்த பத்துன அடிப்படை விவரம்) ஸ்ட்ரக்சர மெமரில எப்படி இருக்கோ அப்படியே தூக்கி ரைட் பண்ற. அப்ப அந்த மெஷின்ல எழுதுன டிஸ்க்க உன் லேப்டாப்ல படிக்க முடியாது, உன் லேப்டாப்ல எழுதுனத அங்க படிக்க முடியாது.

வெவரம் எங்கன்னா, நீ இப்ப சொன்ன மாதிரி அங்கயே எம்கேஎஃப்எஸ் போட்டு அங்கயே படிச்சா டெஸ்ட் பாஸ் ஆயிரும்! தலைகீழா எழுதி தலைகீழாவே படிக்குது, ரெண்டும் ஒத்துப்போகுது, பச்ச டிக். வேற மெஷின்ல செஞ்ச இமேஜ படிக்க வச்சாத்தான் மாட்டும். அதனால ரெடிமேட் இமேஜ் கண்டிப்பா வேணும், கல்யாண போட்டோ இல்லாம.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அந்த ஸ்ட்ரக்சர்ல 4 பைட் ஃபீல்டு மூணு வரிசையா வச்சுட்டு அதுக்கப்புறம் 8 பைட் ஃபீல்டு வச்சிருக்க. 64 பிட் இன்டெல்ல கம்பைலர் நடுவுல 4 பைட் காலியா விட்டு அத 16ல ஆரம்பிக்கும், 32 பிட் இன்டெல்ல எடமே விடாம 12ல ஆரம்பிக்கும். ரெண்டுமே லிட்டில் எண்டியன்தான், இருந்தும் டிஸ்க் ஒத்துப்போகாது.

எஸ்390எக்ஸ் மெஷினுக்கு எங்க போறதுன்னு கேக்காத, க்யூஎமுன்னு வேற ப்ராசஸர் மாதிரி நடிக்கற ப்ரோக்ராம் இருக்கு, அதோட யூசர் மோடுல ஒரு க்ரூட் (தனியா பிரிச்சு வச்ச சிஸ்டம் ஃபோல்டர்) போட்டா போதும், ஆம வேகம்தான் ஆனா ஓடும். எம்கேஎஃப்எஸ்ஸும் எஃப்எஸ்சிகேவும் (ஃபைல் சிஸ்டம் சரியா இருக்கான்னு பாக்கறது) சாதா ஃபைல் மேலயே வேல செய்யறதால மவுன்ட்டே தேவையில்ல. டெபியன் பில்ட் மெஷின்லயும் மவுன்ட் பண்ண முடியாதுன்னே வச்சுக்கோ, பில்ட் நேரத்து டெஸ்ட்ல அந்த ரெண்டு மட்டும் ஓடட்டும், மவுன்ட் டெஸ்ட்ட ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட்ல (பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணி தனியா ஓட்டற டெஸ்ட்) போட்டு தனி விஎம் வேணும்னு ஒரு வரி எழுதிரு. கன்ட்ரோல் ஃபைல்ல ஆர்க்கிடெக்சர் "எனி"ன்னு இருக்கு, "லினக்ஸ்-எனி"ன்னு மாத்து, இல்லன்னா லினக்ஸ் கர்னல் இல்லாத ஹர்ட் போர்ட்ல பில்ட் ஆகாம சும்மா செவப்பா நிக்கும்.

ரோலிங்_ரிலீஸ்:

மெயின்ஃப்ரேம்ல யாரு ப்ரோ கல்யாண ஆல்பம் வைக்கப் போறா 😂

ஓரமா_ஒக்காந்தவன்:

யாரும் வைக்க மாட்டாங்க. ஆனா டிஸ்க்ல எந்த பைட்டு எங்க இருக்கணும்னு எழுதுனவனுக்கே தெரியலன்னா நான் அதுல என் வீட்டு ஆல்பத்தயும் வைக்க மாட்டேன்.

காரைக்குடி_கர்னல்:

நாலு நாள் ஆச்சு, அப்டேட் சொல்றேன். க்யூஎமுல எஸ்390எக்ஸ் போட்டேன். ஃபேன் சத்தத்துக்கு அம்மா வந்து மிக்சி ஓடுதான்னு பாத்துட்டு போனாங்க. என் லேப்டாப்ல செஞ்ச இமேஜ அங்க எஃப்எஸ்சிகேக்கு குடுத்தேன், என்ன சொல்லுச்சு தெரியுமா:

"வெர்ஷன் 16777216 ஆதரிக்கப்படவில்லை"

என் வெர்ஷன் நம்பர் 1. நாலு பைட்டும் தலைகீழா போனா அதுதான் 16777216ன்னு காகிதத்துல போட்டு பாத்தப்பதான் புரிஞ்சுது. கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நல்லவேள வெர்ஷன் செக் இருந்துச்சு, அது மட்டும் இல்லன்னா பிளாக் எண்ணிக்கையையும் அப்படியே படிச்சு என்னென்னமோ பண்ணிருக்கும்.

இப்ப ஒவ்வொரு ஃபீல்டையும் லிட்டில் எண்டியனா மாத்தி, இந்த பைட்டுலேர்ந்து இந்த பைட்டு வரைக்கும் இதுன்னு தனித்தனியா எழுதுறேன். ஸ்ட்ரக்சர மொத்தமா தூக்கி எழுதுறது எங்கயும் இல்ல. ஆனா இப்ப வேற சந்தேகம் வந்துருச்சு. இதப் பண்ணும்போதே ஃபார்மட்ல இன்னும் ரெண்டு மூணு விஷயம் மாத்தணும்னு தோணுது, செக்சம் எங்க வைக்கறது, பேருக்கு எத்தன பைட்டு விடறதுன்னு. மாத்திட்டு அனுப்பவா, இல்ல இப்ப இருக்கறத உள்ள தள்ளிட்டு அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கவா?

மூணாவது_பெஞ்ச்:

மாத்திட்டு அனுப்பு. இதுல மட்டும் அவசரப்படாத.

வேற பேக்கேஜ்னா நானே "தள்ளி விடு, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லிருப்பேன். ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல பக் இருந்தா ஆளுங்க திட்டிட்டு மூடிருவாங்க. ஃபைல் சிஸ்டத்துல அவங்க டேட்டா உன் ஃபார்மட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். ஒரு தடவ ஸ்டேபிள்ல (வெளியான டெபியன் ரிலீஸ்) போயிருச்சுன்னா மூணு வருஷம், எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) சேத்தா அஞ்சு வருஷம் அந்த வெர்ஷன் எங்கயோ ஒரு மூலைல ஓடிட்டே இருக்கும், அதுக்குள்ள புது வெர்ஷன ஏத்த விடமாட்டாங்க, ஃபிக்ஸ் மட்டும்தான். அடுத்த டெபியன்ல நீ ஃபார்மட் மாத்திருந்தாலும் பழைய டிஸ்க்க படிச்சே ஆகணும். டேட்டா போச்சுன்னு ஒருத்தன் பக் போட்டா அது கிரேவ் லெவல் (ரொம்ப மோசமான பக்), ரிலீஸ் கிரிட்டிக்கல், சரி பண்ணலன்னா டெஸ்டிங்லேர்ந்து தானா தூக்கிரும்.

நான்னா இப்படி பண்ணுவேன். முதல் அப்லோட எக்ஸ்பெரிமென்டலுக்கு (சோதனைக்கான தனிப் பகுதி) விடச்சொல்லு. நியூ கியூ அங்கயே முடிஞ்சிரும், எல்லா ஆர்க்கிடெக்சர்லயும் பில்ட் ஆகுதான்னும் தெரிஞ்சிரும், ஆனா டெஸ்டிங்குக்கோ ஸ்டேபிளுக்கோ போகாது. ஃபார்மட்ட ஒரு தனி ஃபைல்ல பைட் பைட்டா எழுதி வை, கோடு இல்ல, விளக்கம். அத எழுதும்போதே நாலு தப்பு கண்ணுல படும். அப்புறம் ஒரு ஆறு மாசம் மாமா கடைல, அந்த நாலஞ்சு பேர்கிட்ட ஓடட்டும். அதுக்கப்புறம் அன்ஸ்டேபிள், அங்கேர்ந்துதான் டெஸ்டிங்குக்கு போகும்.

கீ பத்தியும் சொல்லிடுறேன், யாரோ கேப்பாங்க. மென்டார்ஸுக்கு உன் கீ போதும், யாரு கையெழுத்தும் வேணாம். பின்னாடி நீயே அப்லோட் பண்ற மாதிரி டெபியன் மெயின்டெய்னர் ஆகணும்னாதான் டெவலப்பர்ஸ் உன் கீய சைன் பண்ணனும். 2023 ஜனவரில விழுப்புரத்துல மினிடெப்கான்ஃப் (டெபியன் ஆளுங்க கூடற சின்ன மாநாடு), செப்டம்பர்ல கொச்சில பெரிய மாநாடான டெப்கான்ஃபே நடந்துச்சு, அப்ப வந்திருந்தா ஐடி கார்டக் காட்டி ஒரே நாள்ல முடிச்சிருக்கலாம். அடுத்து பக்கத்துல எங்கயாச்சும் நடந்தா கெளம்பி போயிரு.

காரைக்குடி_கர்னல்:

சரிண்ணா. ஐடிபி மட்டும் இன்னிக்கு போட்டேன், நம்பர் வந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரியே முதல் பதில் "ஏற்கனவே இருக்கற டூல விட இது எந்த விதத்துல வேற"ன்னுதான் வந்துச்சு, மொகத்த தூக்கி வச்சுக்காம ஆல்பம் ஃபைனல் இதான் கதையவே எழுதி அனுப்பிட்டேன். ஆர்எஃப்எஸ், ஃபார்மட் டாக்குமென்ட் முடிச்சப்புறம்.

புது டெஸ்ட் இமேஜ் 2 எம்பிதான். உள்ள திருக்குறள் டெக்ஸ்ட், மூலம் மட்டும், உரை இல்ல (உரைக்கு காப்பிரைட் இருக்குமேன்னு). அதையே "ஃபைனல்", "ஃபைனல் இதான்"னு அஞ்சு காப்பி போட்டிருக்கேன், டிடூப்ளிகேஷனும் டெஸ்ட் ஆகுது. எப்படி உருவாக்குனதுன்னு ஸ்க்ரிப்டும் பக்கத்துலயே இருக்கு. கல்யாண இமேஜ டெலிட் பண்ணி கமிட் போட்டாச்சு.

டில்டே_ராணி:

குறள் நல்ல ஐடியா. ஆனா டெலிட் கமிட் போட்டா கிட் ஹிஸ்டரில அப்பளம் கடிக்கறவரு அப்படியேதான் இருப்பார். ஃபில்டர்-ரிப்போ (கிட் ஹிஸ்டரிய மாத்தி எழுதற டூல்) போட்டு அடியோட எடுத்துட்டு ஃபோர்ஸ் புஷ் பண்ணு, யாராச்சும் ஏற்கனவே க்ளோன் பண்ணிருந்தா அவங்ககிட்டயும் சொல்லிரு. நான் எறக்குனத அழிச்சுட்டேன்.

காரைக்குடி_கர்னல்:

பண்ணிட்டேன்க்கா. மாமாகிட்ட இன்னும் சொல்லல.